மூன்று குழு, ஒரே பை: பேஸ் கிட்டார்காரருக்கு எது வேண்டும், எது வேண்டாம்

சனிக்கிழமை ராத்திரி கல்யாண மண்டபத்தில் மெல்லிசைக் கச்சேரி, ஞாயிறு காலை சர்ச்சில் ஆராதனை, அன்று சாயங்காலமே ராக் பேண்டுக்கு ரிகர்சல். சென்னையில் பேஸ் வாசிக்கிற நிறையப் பேருக்கு வாரக்கடைசி இப்படித்தான் போகும், எனக்கும் அப்படித்தான். பேஸ் வாசிக்க ஆள் எப்போதும் குறைவு, அதனால் ஒரு குழுவில் ஒழுங்காக வாசித்தால் கொஞ்ச நாளிலேயே இன்னொரு குழு கூப்பிடும். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இதற்கு ஒரு கிட்டார், அதற்கு ஒரு கிட்டார், பெரிய ஆம்ப் ஒன்று, சவுண்டை மாற்றக் காலால் மிதிக்கிற பெடல் ஏழெட்டு என்று காசு போய்க்கொண்டே இருக்கும், ஆனால் மேடையில் சவுண்ட் மட்டும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி வரும்.

நான் சொல்லப்போவது இதற்கு நேர் எதிரான வழி. உங்கள் சவுண்ட் முழுவதும் தோளில் மாட்டுகிற பைக்குள்ளேயே இருக்க வேண்டும். போகிற இடத்தில் ஆம்ப் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சவுண்ட்காரர் யாராக இருந்தாலும், ஒரே ஒரு கேபிள் வாங்கிச் சொருகினால் உங்கள் பேஸ் உங்கள் பேஸ் மாதிரியே கேட்க வேண்டும். குழு மாறும்போது கை மாறட்டும், ஒன்றிரண்டு குமிழ் மாறட்டும், முடிந்தால் தந்தி மாறட்டும். அதற்கு மேல் எதுவும் மாற வேண்டியதில்லை.

முதலில் கிட்டார். பல குழுக்களில் வாசிப்பவருக்கு ஐந்து தந்திதான் சரி என்பது என் கருத்து, நாலு தந்தியின் மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும். மெல்லிசை மேடையில் பாடகருக்குத் தகுந்த மாதிரி ஸ்கேல் மாறிக்கொண்டே இருக்கும். கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கிவிட்டுப் பழைய இடத்திலேயே வாசிப்பார், நமக்கு அந்த வசதி கிடையாது. நாலு தந்தியில் கடைசி ஈ தந்தி 41 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், பாட்டு டி-க்கோ சி-க்கோ இறங்கினால் அடி சுரத்தை ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) மேலே தூக்கி வாசிக்க வேண்டிவரும், அங்கே பாட்டின் எடையே குறைந்துவிடும். ஐந்தாவதான பி தந்தி 31 ஹெர்ட்ஸ் வரை போகும், அதோடு எந்த ஸ்கேல் வந்தாலும் கையின் அமைப்பை அப்படியே நகர்த்திக்கொள்ளலாம். சினிமாப் பாட்டுகளில் இப்போது சிந்த் பேஸ் (சிந்தசைசரில் வாசிக்கிற பேஸ்) நிறைய வருகிறது, அது ஈ-க்குக் கீழே சர்வசாதாரணமாக இறங்கும். ராக் பேண்டில் கிட்டார்காரர்கள் ஈ தந்தியை டி-க்கு இறக்கி வாசித்தாலும் நீங்கள் டியூனிங்கைத் தொட வேண்டாம்.

வாங்கும்போது பி தந்தியைத் தனியாக வாசித்துப் பாருங்கள். பல ஐந்து தந்திக் கிட்டார்களில் மற்ற நாலும் நன்றாக இருக்கும், பி மட்டும் தொளதொளவென்று, எந்த சுரம் என்றே தெரியாமல் கேட்கும். பேஸின் வழக்கமான தந்தி நீளம் 34 அங்குலம், சில ஐந்து தந்திக் கிட்டார்களில் அதை 35 ஆக்கியிருப்பார்கள், அந்த ஓர் அங்குலம் பி தந்தியை இறுக்கமாக வைக்கத்தான். ஆனால் நீளத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், 34-லேயே நன்றாகப் பேசுகிற பி தந்தியும் உண்டு. காதுதான் சொல்ல வேண்டும்.

அடுத்தது பிக்கப், தந்தியின் அதிர்வை சிக்னலாக மாற்றுகிற காந்தப் பகுதி. ஃபெண்டர் கம்பெனியின் பிரிசிஷன் பேஸ் 1951-ல் வந்தது, 1957-லிருந்து அதன் பிக்கப் இரண்டு துண்டாகப் பிரிந்து, 'ஹம்' என்ற இரைச்சல் தானே அடங்குகிற அமைப்புக்கு மாறியது. 1960-ல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு ஒற்றைச்சுருள் பிக்கப். இப்போது கிடைக்கிற ஜாஸ் வகைக் கிட்டார்களில் பெரும்பாலும் இரண்டு வால்யூமும் முழுதாகத் திறந்திருந்தால் இரைச்சல் அடங்கும், ஒன்றைக் குறைத்தால் வந்துவிடும். கல்யாண மண்டபத்தில் எல்இடி லைட்டும் சீரியல் பல்பும் ஜெனரேட்டரும் சேர்ந்து ஓடும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். முன்னால் பிரிசிஷன் பிக்கப், பிரிட்ஜ் (தந்திகளை அடிமுனையில் தாங்குகிற பகுதி) பக்கம் ஜாஸ் பிக்கப் என்று இரண்டும் கலந்த கிட்டார்கள் பல விலையில் கிடைக்கின்றன. மூன்று குழுவுக்கும் ஒரே கிட்டார் என்றால் என் தேர்வு அதுதான்.

ஆக்டிவ் கிட்டார், அதாவது உள்ளே பேட்டரியில் ஓடுகிற சர்க்யூட் இருக்கிற கிட்டார் வாங்கினால், பேட்டரி இல்லாமலும் ஓடுகிற பாசிவ் சுவிட்ச் இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். ஒரு ஞாயிறு ஆராதனையில், எல்லாரும் கண்ணை மூடி மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தபோது என் பேஸ் முதலில் கரகரத்து அப்புறம் அடங்கியே போனது. 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டது, கிட்டாரில் பாசிவ் சுவிட்ச் கிடையாது. மீதிப் பாட்டு முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஜாக்கைச் சொருகி வைத்திருக்கும் வரை ஆக்டிவ் கிட்டாரின் பேட்டரி ஓடிக்கொண்டேதான் இருக்கும், வாசிக்காவிட்டாலும். அதனால் இடைவேளையில் ஜாக்கைக் கழற்றுவதை ஒரு பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

தந்தியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழுவுக்குக் குழு சவுண்ட் மாற ஆம்பைவிட இதுதான் பெரிய காரணம். ரவுண்ட்வவுண்ட் தந்தி சொரசொரப்பாக இருக்கும், பளிச்சென்று கேட்கும், ராக்குக்கு அதுதான் வேண்டும். ஃபிளாட்வவுண்ட் தந்தி வழவழப்பாக இருக்கும், மேல் சத்தம் குறைந்து, கிட்டத்தட்ட மரப்பேஸ் மாதிரி உருண்டையாக வரும், பழைய பாட்டுகளுக்கு அருமை. அமெரிக்க இசை நிறுவனமான மோட்டவுனில் அறுபதுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஒரு 1962 பிரிசிஷனில் தடித்த ஃபிளாட்வவுண்ட் தந்தி போட்டு, வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்து வாசித்தவர், தந்தியை அறுந்தால் தவிர மாற்ற மாட்டார் என்பது பேஸ்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை.

இன்னொருவர் வேல்ஸ் நாட்டின் பேஸ்காரர் பீனோ பல்லடினோ. பல குழுக்களில் வாசிப்பது எப்படி என்று கற்க அவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. எண்பதுகளில் கழுத்தில் ஃபிரெட் என்ற உலோகக் கம்பிகள் இல்லாத மியூசிக் மேன் ஸ்டிங்ரே கிட்டாரும் ஆக்டேவ் பெடலுமாக, பாடகருக்கு இணையாகப் பேஸைப் பாட வைத்தார். அப்புறம் சோல் பாடகர் டி'ஆஞ்சலோவோடு சேர்ந்தபோது பிரிசிஷனும் ஃபிளாட்வவுண்ட் தந்தியுமாக, தாளத்துக்கு ஒரு நூல் பின்னால் தள்ளி அப்படியே அமுங்கி உட்கார்ந்தார். 2002-ல் தங்கள் பேஸ்காரர் ஜான் என்ட்விசில் இறந்ததும் தி ஹூ ராக் குழு கூப்பிட்டது இவரைத்தான், அதற்கப்புறம் கிட்டார்காரர் ஜான் மேயரோடு மூன்று பேர் குழு. அவரிடம் கிட்டார்கள் நிறைய உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கூர்ந்து கேளுங்கள், இடத்துக்கு இடம் அவர் முக்கியமாக மாற்றுவது தந்தியும் கையின் அழுத்தமும் எத்தனை சுரம் வாசிப்பது என்பதும்தான்.

ஒரே கிட்டார் வைத்திருக்கிற நமக்கு வாரத்துக்கு மூன்று முறை தந்தி மாற்றுவது நடக்காது. நான் செய்வது இது: நிக்கல் ரவுண்ட்வவுண்ட், தடிமன் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) 45-லிருந்து 105, பி-க்கு 130. பழைய பாட்டு வாசிக்கும்போது பிரிட்ஜ் பக்கத்தில் தந்திகளுக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டைச் சொருகிவிடுவேன். சுரம் சீக்கிரம் அடங்கி, ஃபிளாட்வவுண்டின் குணம் பாதிக்கு மேல் வந்துவிடும். இது புதிய தந்திரம் ஒன்றும் இல்லை, ஆரம்பகால பிரிசிஷன் கிட்டார்களில் பிரிட்ஜ் மூடிக்கு அடியில் கம்பெனியே ஸ்பாஞ்சு வைத்துத்தான் விற்றார்கள். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை, புதிதாக, கத்தரித்து வைத்துக்கொண்டால் போதும். ராக் ரிகர்சலுக்கு உருவிவிடலாம்.

நம்ம ஊர் வேர்வைக்குத் தந்தி சீக்கிரம் செத்துவிடும். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு தந்தியையும் அடியிலும் மேலும் பருத்தித் துணியால் துடையுங்கள், ஒரு நிமிட வேலைதான். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் பைக்குள் இரண்டு சிலிகா ஜெல் பொட்டலம் போட்டுவையுங்கள். ஏசி மண்டபத்திலிருந்து வெட்டவெளி மேடைக்குப் போனால் கழுத்து மரம் அசையும், டியூனிங்கும் அசையும், அதனால் மேடைக்குப் போய் பத்து நிமிடம் கிட்டாரை வெளியே எடுத்து வைத்துவிட்டு அப்புறம் டியூன் பண்ணுங்கள். கழுத்தின் வளைவை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்: ஒரு தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் சேர்த்து அமுக்கிக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃபிரெட் பக்கம் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள், ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இருந்தால் சரி. அதைவிட அதிகமென்றால் கழுத்துக்குள் இருக்கிற டிரஸ் ராட் என்ற கம்பியைக் கால் சுற்று இறுக்கிவிட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். ஒரேயடியாக முழுச்சுற்று சுற்றக் கூடாது. அது பயமாக இருந்தால் நல்ல ரிப்பேர்காரரிடம் ஒரு தடவை செட்டப் பண்ணி வாங்குங்கள், புதிய பெடல் வாங்குகிற காசை அதில் போட்டால் பலன் அதிகம்.

அடுத்தது டிஐ பாக்ஸ். பேஸ்காரர் கிட்டாருக்கு அடுத்து வாங்க வேண்டிய முதல் பொருள் இதுதான், ஆம்ப் இல்லை. கிட்டாரிலிருந்து வருகிற சிக்னல் மெலிந்தது, சாதாரணக் கேபிளில் ஆறு மீட்டருக்கு மேல் போனால் பளிச்சென்ற பகுதி குறைய ஆரம்பிக்கும், வழியில் கிடக்கிற கரண்ட் ஒயர் இரைச்சலையெல்லாம் சேர்த்துக்கொள்ளும். டிஐ அதை மைக் கேபிளில் (எக்ஸ்எல்ஆர்) போகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும், மேடையிலிருந்து மிக்ஸர் வரை நூறு அடி போனாலும் கெடாது. மண்டபத்தில் டிஐ கொடுப்பார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். நிறைய இடத்தில் இருக்காது, இருந்தாலும் ஜாக் ஆடிக்கொண்டிருக்கும். உங்களுடையதைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, டிஐ நம்மகிட்டயே இருக்கு, ஒரு எக்ஸ்எல்ஆர் மட்டும் குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள், சவுண்ட்காரர் முகமே மலரும். அவர் வேலையைக் குறைக்கிற ஆளுக்கு அவர் நல்ல சவுண்ட் கொடுப்பார்.

எந்த டிஐ? டோன் குமிழ்களும் உள்ளே ப்ரீஆம்பும் (சிக்னலை ஏற்றிக் கொடுக்கிற பகுதி) சேர்ந்த பெடல் வகையை வாங்குங்கள், டெக் 21 கம்பெனியின் சான்ஸ்ஆம்ப் மாதிரி. அதில் எக்ஸ்எல்ஆர் அவுட், தனியாக இன்னொரு ஜாக் அவுட், 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்ச் இந்த மூன்றும் இருக்க வேண்டும். எக்ஸ்எல்ஆர் மிக்ஸருக்கு, ஜாக் அவுட் மேடையில் ஆம்ப் இருந்தால் அதற்கு. மிக்ஸரிலிருந்து மைக் கேபிள் வழியாகவே வருகிற 48 வோல்ட் ஃபேண்டம் பவரில் ஓடுகிறதா என்பதையும் கேட்டு வாங்குங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம், அடாப்டரும் கொண்டுபோங்கள்.

மற்ற பெடல்களில் டியூனர் கட்டாயம், மிதித்தால் சவுண்ட் முழுவதும் அடங்குகிற வகை. அதற்கு அடுத்து, பெரிய சத்தத்தை அடக்கிச் சமமாக்குகிற கம்ப்ரசர், அடக்குகிற விகிதம் 4:1 பக்கத்தில், மெதுவாக வாசிக்கும்போது விளக்கு எரியக் கூடாது, அழுத்தி அடித்தால் மட்டும் எரிய வேண்டும். ராக் பேண்டுக்கு சவுண்டைக் கரகரப்பாக்குகிற ஒரு ஓவர்டிரைவ், அதில் சுத்தமான சவுண்டையும் கலக்கிற 'பிளெண்ட்' குமிழ் இருப்பது மிக முக்கியம், இல்லையென்றால் மிதித்ததும் அடி சத்தம் ஒல்லியாகிவிடும். கிட்டார், டியூனர், கம்ப்ரசர், ஓவர்டிரைவ், கடைசியில் டிஐ என்ற வரிசையில் போடுங்கள். இதற்கு மேல் வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், ஆசை எனக்கும் உண்டு, ஆனால் மூன்று குழுவுக்கும் இந்த நாலு போதும். பெடல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே அடாப்டரிலிருந்து கிளை ஒயர் இழுத்தால் இரைச்சல் வரலாம், தனித்தனி அவுட் உள்ள பவர் சப்ளை நல்லது.

ஆம்ப். 1969-ல் வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட் வால்வு ஆம்ப், தலையே (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டி) கிட்டத்தட்ட 39 கிலோ, எட்டு ஸ்பீக்கர் உள்ள கேபினெட் அதைவிடக் கனம். பெரிய மைதானத்தில் பேஸை எல்லார் காதிலும் விழவைக்க அன்றைக்கு வேறு வழியில்லை. இன்றைக்கு கிளாஸ் டி என்ற எடை குறைந்த வகை ஆம்ப் தலைகள் மூன்று கிலோவுக்குள் அதே வாட்டையும் அதற்கு மேலும் தருகின்றன, பெடல் பையிலேயே அடங்கும். இன்றைய மேடையில் மக்களுக்குக் கேட்பது அவர்களை நோக்கி வைத்திருக்கிற பிஏ ஸ்பீக்கர், உங்கள் ஆம்ப் உங்களுக்கும் டிரம்மருக்கும் மட்டும்தான். அதனால் வீட்டுப் பயிற்சிக்கு ஒரு சின்ன ஆம்பும் இந்த டிஐ பெட்டியும் வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டிப் பாருங்கள். ராக் பேண்டில் பெரிய மேடை வர ஆரம்பித்தால் கிளாஸ் டி தலை ஒன்று வாங்குங்கள், கேபினெட்டை வாடகைக்கு எடுங்கள் அல்லது ஜாம் ரூமில் இருப்பதைப் பயன்படுத்துங்கள். 30, 40 வாட் ஆம்பை டிரம்ஸுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒன்றும் கேட்காது, வாட்டை இரண்டு மடங்கு ஆக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான், அதனால் டிரம்ஸோடு வாசிக்க 200, 300 வாட்டிலிருந்து ஆரம்பியுங்கள்.

கேபினெட் மாட்டும்போது ஓம் (மின்தடை அளவு) பார்க்காமல் மாட்டவே கூடாது. ஆம்ப் பின்னால் குறைந்தபட்சம் 4 ஓம் என்று போட்டிருந்தால், 8 ஓம் கேபினெட் இரண்டு மாட்டலாம், இரண்டும் சேர்ந்து 4 ஆகும். 4 ஓம் கேபினெட் இரண்டு மாட்டினால் 2 ஓம் ஆகிவிடும், அதோடு ஆம்பின் கதை முடியலாம். வால்வு ஆம்ப் என்றால் கேபினெட் மாட்டாமல் ஆன் பண்ணவே கூடாது. அமெரிக்காவிலிருந்து உறவினர் யாராவது ஆம்ப் கொண்டுவந்து கொடுத்தால், அது 120 வோல்ட் மட்டுமா, நம்ம 230-ம் தாங்குமா என்று படித்துவிட்டுப் பிளக்கைச் சொருகுங்கள்.

இப்போது குழுவுக்குக் குழு என்ன மாற்றுகிறேன் என்று சொல்கிறேன். மெல்லிசை மேடையில் ரிதம் பேடும் தபலாவின் இடதுகைப் பக்கமும் கீபோர்டின் கீழ் சுரங்களும் எல்லாம் ஒரே அடிப்பகுதியில் நெரிசலாக நிற்கும். அங்கே பேஸ் குமிழைத் திருகினால் குழப்பம்தான் அதிகமாகும். அதற்குப் பதிலாக 200, 300 ஹெர்ட்ஸ் பகுதியைக் கொஞ்சம் வெட்டி, 700-லிருந்து 1000 வரை கொஞ்சம் ஏற்றுங்கள், சுரம் தெளிவாக வெளியே வரும். இளையராஜா பாட்டுகளில் பேஸ் தனி மெட்டாகவே ஓடும், முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வரி மனப்பாடம். கும்மென்று அதிர்வதைவிட ஒவ்வொரு சுரமும் தெரிவதுதான் அங்கே மரியாதை. இடது கையைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்லி கீபோர்டுக்காரரிடம் ரிகர்சலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், மேடையில் கேட்டால் சங்கடமாகும்.

சர்ச்சில் எதிரி எதிரொலி. உயரமான கூரையும் கல் சுவரும் இருக்கிற பழைய சர்ச் என்றால் ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்தது வந்து மேலே ஏறிக்கொள்ளும். ஸ்பாஞ்சைப் போடுங்கள், சுரத்தைச் சின்னதாக வெட்டுங்கள், அடி சத்தத்தைக் குறையுங்கள், ஓவர்டிரைவ் பக்கம் காலே போக வேண்டாம். இங்கே ஆம்பும் வேண்டாம், டிஐயிலிருந்து மிக்ஸர், மிக்ஸரிலிருந்து இயர்போன் மானிட்டர். மேடையில் சத்தம் குறையக் குறைய ஆராதனை நடத்துகிறவர் பேசுவது சபைக்குத் தெளிவாகக் கேட்கும்.

ராக் பேண்டில் கம்ப்ரசரைக் கொஞ்சம் ஏற்றி, ஓவர்டிரைவை எப்போதும் ஆனிலேயே, ஆனால் பிளெண்ட் பாதிக்குக் கீழே வைத்திருப்பேன். தனியாக வாசித்தால் அழுக்காகக் கேட்கும், இரண்டு கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்ததும் சரியாக உட்காரும். தனியாக உட்கார்ந்து செட் பண்ணுகிற சவுண்டைக் குழுவோடு ஒரு முறையாவது சோதிக்காமல் மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள். காதில் இயர்பிளக் போடுங்கள், சின்ன ரூம் ரிகர்சல்தான் மேடையைவிடக் காதை அதிகம் கெடுக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு கச்சேரியில் பவர்கட் ஆகி ஜெனரேட்டருக்கு மாறினார்கள், கோரஸ் பாட மைக் பக்கம் போனேன், உதடு பட்டதும் பளீரென்று ஷாக். கை தந்தியில், வாய் மைக்கில், நடுவில் எர்த் சரியில்லாத கரண்ட். அன்றிலிருந்து டெஸ்டர் இல்லாமல் மேடை ஏறுவதில்லை, பிளக் பாயிண்டின் எர்த் துளையையும் மைக் வலையையும் அதால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிட்டாரை மாட்டுகிறேன். டெஸ்டர் எரிந்தால் வாசிக்காதீர்கள், எலக்ட்ரீஷியன் வந்து சரிசெய்யட்டும், கூட்டம் காத்திருந்தாலும் பரவாயில்லை. இரைச்சல் வருகிறது என்று மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடித்துவிடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், மற்றவரையும் செய்ய விடாதீர்கள். இரைச்சலுக்கு டிஐயில் இருக்கிற கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சே போதும், அது சிக்னலின் எர்த்தை மட்டும்தான் துண்டிக்கும், உங்கள் உயிரைக் காக்கிற எர்த் அப்படியே இருக்கும்.

பையில் இன்னும் என்னவெல்லாம் இருக்க வேண்டும் என்றால்: கிட்டார் கேபிள் இரண்டு, எக்ஸ்எல்ஆர் ஒன்று சொந்தமாக, 9 வோல்ட் பேட்டரி இரண்டு, ஒரு செட் பழைய தந்தி (தந்தி அறுந்த நேரத்தில் புதியதைப் போட்டால் டியூனிங் நிற்காது, ஏற்கெனவே இழுபட்ட பழையது நிற்கும்), ஆலன் கீ, சின்ன ஸ்க்ரூடிரைவர், டெஸ்டர், டார்ச், இன்சுலேஷன் டேப், நாலு பாயிண்ட் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், துணி, ஸ்பாஞ்சு. பைக்கில் போகிறவர் என்றால் கிட்டார் பைக்கு மழை உறை. வெயிலில் நிறுத்திய காருக்குள் கிட்டாரை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், கூடவே எடுத்துப்போங்கள்.

வெள்ளிக்கிழமை ராத்திரியே பையைத் திறந்து, இரண்டு கேபிளையும் சொருகி ஆட்டிப் பார்த்து, கரகரக்கிறதை அன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள்.